வாடகை வாங்க ஆளில்லாத நோன்பு

சண்டை முடிந்த வருஷத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உங்களுக்கெல்லாம் முகம் மலர்ந்துவிடுகிறது. கற்பிட்டி வீதிக்குப் புதுத் தார் போட்டது, ஆலங்குடாக் கடலில் வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் ஓடியது, சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நடக்கிற வேலை இல்லாமல் போனது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். போன பெருநாளைக்கு நம் வகுப்புப் பெண்கள் கூடியபோதும் அதே கதைதான். நான் மட்டும் பேசாமல் இருந்தேன். "ஏன்டி, உனக்கு அந்தக் காலம் ஒண்டும் ஞாபகம் இல்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். ஞாபகம் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. நம் பிள்ளைகளே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள், ஆனால் அந்த வருஷத்துக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று நான் விடவும் இல்லை. கேட்டுவிட்டீர்கள், இனிக் கேளுங்கள்.

எங்கள் வாப்பாவை உங்களுக்குத் தெரியும். இரண்டு ஊன்றுகோல்களையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேலியோரம் என்னைக் கூட்டிப்போக நிற்பாரே, அவர்தான். உப்பளத்தில் லொறிக்கு மூடை ஏற்றுகிற வேலை அவருக்கு. ஒரு நாள் லொறிப் பலகை கழன்று அவர் கீழே விழ, மேலிருந்த மூடைகளும் அவருடைய இடுப்பில் விழுந்தன. அதற்குப் பிறகு கால்கள் இரண்டும் இருந்தன, சொன்னதைக் கேட்கவில்லை. அரசாங்கம் மாதா மாதம் ஒரு உதவிப் பணம் கொடுத்தது. தபால் கந்தோரில் வரிசையில் நின்று எடுக்க வேண்டும். காகிதத்தில் அதற்கு மரியாதையான பெயர் ஒன்று உண்டு. ஊரில் எல்லோரும் சொன்னது பிச்சைச் சம்பளம் என்று. உப்பு சுமந்தபோது அவர் எடுத்தது சம்பளம், இடுப்பு உடைந்த பிறகு எடுத்தது பிச்சைச் சம்பளம். இந்தப் பெயரை வைத்தவன் எவன் என்று தெரிந்தால் இன்றைக்கும் அவன் வீட்டு வாசலில் போய் நின்று நாலு கேள்வி கேட்பேன்.

அந்தக் காசு எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. தபால் கந்தோரிலிருந்து நேரே வீட்டுக்காரரின் கைக்குப் போய்விடும். அதில் குறைவதை உம்மா போட்டு நிரப்புவார். உம்மாவுக்கு வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை. அவர் சேலையிலும் தலைமயிரிலும் எப்போதும் வெங்காய வாசம் இருக்கும், கட்டிப்பிடித்தால் கண் எரியும். சோறு கறிக்கு என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள். எப்படியோ செய்தோம். வாடகை மட்டும் பிந்தவே கூடாது என்று வாப்பா பிடிவாதமாக இருந்தார். உம்மாவும் வாப்பாவும் சின்ன வயதில், சண்டைக் காலத்தில், மன்னார்ப் பக்கத்திலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்தவர்கள். பல காலம் முகாமில் ஓலைக் குடிசையில் கிடந்துவிட்டு, வாடகை வீட்டுக்கு வந்தவர்கள். திரும்ப ஓலைக்குள் போகக் கூடாது என்பதுதான் அவர்களுடைய ஒரே எண்ணம்.

அந்த வாடகை வீட்டில் இரண்டு அறைகள், தகரக் கூரை, முற்றம் முழுக்க மணல். உதவி செய்கிற நிறுவனம் ஒன்று வாப்பாவுக்குச் சக்கரம் பூட்டிய ஒரு சில்லுக் கதிரை கொடுத்தது. பெரிய கூட்டம் வைத்து, மேடை போட்டு, வாப்பாவை மேலே தூக்கிப் போய் அதில் இருத்தி, படம் எடுத்துத்தான் கொடுத்தார்கள். மேடையில் அது வழுக்கிக்கொண்டு ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் முதல் அடியிலேயே மணலில் புதைந்து நின்றுவிட்டது. கடற்கரை ஊரில் மணல் இருக்கும் என்பது கொடுத்தவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. சில காலம் அதில் உம்மா உடுப்புக் காயப்போட்டார். பிறகு வாப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். சீமெந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, நிலத்தில் இருந்தபடியே நகர்ந்து நகர்ந்து, வாசலிலிருந்து கக்கூசுக்கும் அங்கிருந்து வேலிப் படலைக்கும் ஒரு பாதை போட்டார். நான் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். என் தம்பி, குழைத்து வைத்த சீமெந்தில் காலை வைத்துவிட்டு ஓடினான். வேலை முடிந்த பிறகு வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "நல்ல வடிவா இரிக்கி தம்பி. வீட்டுக்கும் ஒரு மதிப்பு" என்றார். வாப்பாவுக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை.

சோளகக் காற்று தொடங்கிய காலத்தில் அந்த வீட்டுக்காரர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். காற்று மணலை அள்ளித் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது, கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது.

"தம்பி, மகளுக்கு மாப்புள பேசியாச்சி. வீட்டத் திருத்திக் குடுக்கோணும். குமர் காரியம்."

குமர் காரியம் என்ற அந்த ஒரு சொல்லுக்கு நம்மவர்களிடம் மறுபேச்சுக் கிடையாது. கலியாணம் முடித்துக் கொடுக்கிற பெண்ணுக்கு வீடு வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்துதான் குடியிருப்பார். அந்தக் காரியத்துக்கென்று யாராவது கேட்டால் எதிரி வீட்டிலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க மாட்டார்கள். வாப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, வீட்டுக்காரரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

"குமர் காரியத்துக்கு நாங்க குறுக்க நிக்க மாட்டம் நானா. நோன்புப் பெருநாள் முடிய விட்டுத் தாறம். அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்."

உம்மா அந்தப் பெண்ணுக்கென்று, யாரோ தந்து பெட்டிக்குள் வைத்திருந்த கண்ணாடிக் கிளாஸ் ஜோடியைக் கூட எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்காரரின் மனைவி கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டு போனார்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு மேலே சொல்ல எனக்கு முடியாது. மாப்பிள்ளை பேசவே இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கலியாணம் நடந்தது பல வருஷம் கழித்து, புத்தளம் டவுனில், வேறு வீட்டில். நாங்கள் வெளியேறியதும் அவர்கள் வீட்டுக்கு வெள்ளை அடித்து, வாசலில் ஆங்கிலத்தில் பலகை தொங்கவிட்டு, பட்டம் பிடிக்க வந்த வெள்ளைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டார்கள். வாப்பா நிலத்தில் இழைந்து போட்ட பாதையில் அவர்களுடைய சூட்கேஸ்கள் உருண்டு போவதைப் பள்ளிக்கூடம் போகும்போது நான் பார்த்திருக்கிறேன். வீடு அவருடையது, எழும்பு என்று சொல்லியிருந்தால் எழும்பியிருப்போம். பெற்ற பெண்ணின் பெயரைச் சொல்லியா பொய் சொல்வது? அந்தப் பெண் என்னிலும் கொஞ்சம்தான் பெரியவள். அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

வீடு தேடுவது எங்களுக்கு மற்றவர்களைப் போல இல்லை. படி உயரமான வீடு வாப்பாவுக்குச் சரிவராது. கக்கூசு வளவின் கடைசி மூலையில் இருந்தாலும் சரிவராது. அதோடு ஊரின் அரசாங்க அலுவல் பார்க்கிற விதானை வேறு. பிச்சைச் சம்பளம் விதானையின் பிரிவில் பதிந்திருந்தது. வேறு பிரிவுக்குக் குடிபோனால் பெயரை வெட்டி, அங்கே புதிதாக எழுதி, இடம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும் என்று விதானை சொல்லிவிட்டார். வேறு பிரிவான கனமூலையில் உம்மாவின் சொந்தக்காரர் ஒருவர் வீடு தரத் தயாராக இருந்தார், தரையோடு தரையாக இருந்த நல்ல வீடு. போனால் காசு நின்றுவிடும், காசு நின்றால் அவருக்கும் வாடகை கொடுக்க முடியாது. ஆக, எங்கள் ஊருக்குள்ளேயே, எங்களைத் தெரிந்தவர்களிடமே கேட்க வேண்டியிருந்தது.

கேட்டோம். நோன்பு தொடங்கியிருந்தது. உம்மா தோட்டத்தால் வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போவார். நோன்புக் கஞ்சி காய்கிற நேரம், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ரம்பை இலையும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் மணக்கும். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். வாப்பாவின் கதை வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், நோயாளி பக்கத்தில் படுத்திருப்பதைப் போல. "பாவம், வாடகைக்கு என்ன செய்வார்?" என்பார்கள். "இதுவரைக்கும் ஒரு மாசமும் பிந்தினது இல்ல, கேட்டுப் பாருங்க" என்பார் உம்மா. "அது சரி, இனிமேல்?" என்பார்கள். ஒரு மாமி எங்களை இருத்தி விசாரித்துவிட்டு, மிகவும் அன்பாகச் சொன்னார்.

"சண்டதான் முடிஞ்சிட்டே புள்ள. இனி உங்கட ஊருக்கே போகலாமே?"

"எங்கட வீட்டுக்குள்ள மரம் முளைச்சி நிக்கிதாம் மாமி" என்றார் உம்மா. "மரத்துக்கிட்ட எழும்பச் சொல்லிக் கேக்கவா?"

மாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த வீடும் போயிற்று. திரும்பி வரும்போது உம்மா தன் வாயைத் தானே திட்டிக்கொண்டு வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு உம்மாவை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கடைசியில் ஹாஜியார் ஒருவர் சம்மதித்தார். வீதியில் கடை வைத்திருந்தவர். தன் வீட்டுக்குப் பின்னால் மகனுக்கென்று ஒரு சின்ன வீடு கட்டி வைத்திருந்தார், மகன் சவூதியில் இருந்தார். சீமெந்துத் தரை, ஒற்றைப் படி, கதவைத் திறந்தால் பக்கத்திலேயே கக்கூசு. வாப்பா அந்தப் படியில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளையைப் போலச் சிரித்தார். ஹாஜியார் முற்பணத்தை வாங்கிக்கொண்டு பூட்டுத் திறப்பைக் கையில் கொடுத்தார். உம்மா போய்க் கூட்டிக் கழுவினார். பெட்டியின் அடியில் இருந்த தன் கலியாணப் புடவையை எடுத்து, கரையை மடித்துத் தைத்து, ஜன்னலுக்குத் திரை போட்டார். பச்சையில் சரிகைப் பூப்போட்ட புடவை. வெயில் அதற்குள்ளால் வரும்போது தரையெல்லாம் பச்சையாக இருந்தது. நானும் தம்பியும் அந்தப் பச்சையில் படுத்துப் புரண்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாம் கெட்டது. கெடுத்தவர்கள் எதிரிகள் இல்லை. எங்களுக்கு நல்லது செய்ய நினைத்தவர்கள்.

உம்மாவும் நானும் வீட்டில் இருந்தோம். ஜும்ஆத் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பள்ளிவாசல் தலைவரின் குரல் வந்தது. "வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து நம்மோடு வாழ்கின்ற, நடக்க இயலாத ஒரு சகோதரர், மனைவி மக்களோடு குடியிருக்க இடமில்லாமல் தவிக்கிறார். இந்த ரஹ்மத்தான மாதத்தில் உங்கள் ஸகாத், ஸதகா தருமங்களை இவருக்குக் கொடுத்து நன்மையைத் தேடிக்கொள்ளுங்கள்." பிறகு பெயர் வந்தது. வாப்பாவின் பெயர், அவருடைய வாப்பாவின் பெயரோடு சேர்த்து, காற்றில் ஊர் முழுக்கப் போனது. கடலில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். உம்மா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார்.

வாப்பா அந்த நேரம் பள்ளிக்குள், கடைசி வரிசையில் கதிரை போட்டு இருந்திருக்கிறார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். வீட்டுக்கு வரும்போது வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சாவும் கூட வந்தார். சாச்சாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். தலைவரிடம் போய்ச் சொன்னவர் அவர்தான்.

"நாந்தான் நானா சொன்னேன். இனிப் பாருங்க, ஒரு வருஷத்துக்கு உங்களுக்குக் கவல இல்ல."

வாப்பா ஊன்றுகோலைச் சுவரில் சாத்தினார். சாத்தியது வழுக்கி விழுந்தது. எடுக்கப்போன சாச்சாவைத் தடுத்தார்.

"நான் வீடு தேடினன்டா. நீ எனக்கு அரிசி தேடித் தந்திட்டாய்."

சாச்சாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கும் அன்று விளங்கவில்லை. மறுநாளே விளங்கியது.

மறுநாள் அசர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் வந்தார். பின்னால் கடைப் பொடியன் ஒரு மூடை அரிசியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். ஹாஜியார் முற்பணத்தை இரண்டு கையாலும் வாப்பாவின் மடியில் வைத்தார்.

"தம்பி, குற நினைக்கப்படாது. உங்களுக்கு ஸகாத் எடுக்க ஹக் இரிக்கி, உரிம இரிக்கி எண்டு பள்ளியே சொல்லிட்டு. ஸகாத் எடுக்கிற ஆள்ட வாடகைய வாங்கித் திண்டா நாளைக்கு நான் மறுமையில என்ன சொல்ற? எனக்கு அந்தப் பாவம் வேணாம்."

வாப்பா மடியில் இருந்த காசைத் தள்ளி வைத்தார்.

"அப்ப வாடக எடுக்காமக் குடுங்களன் ஹாஜியார்."

"அது எப்பிடி? மகன்ட வீடு. அவன் கடல் கடந்து உழச்ச காசு. அதக் குடுக்க எனக்கு உரிம இல்லையே."

"வாடகைக்குக் குடுக்க மட்டும் உரிம இருந்திச்சா?"

ஹாஜியார் கடைப் பொடியனின் பக்கம் திரும்பினார். அரிசி மூடையை உள்ளே வைக்கச் சொன்னார், எங்கள் எல்லோருக்கும் துஆ செய்தார், திறப்பை வாங்கிக்கொண்டு போனார். பாருங்கள், வாடகை வாங்கினால் பாவம், சும்மா கொடுத்தால் நட்டம், ஆகவே தெருவில் விடுவது நன்மை! இந்தக் கணக்கை எந்தக் கிதாபில் படித்தாரோ தெரியாது. இதைச் சொல்லும்போது அவருக்குக் கண்கூடக் கலங்கியிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. பொய்யாக அழுதிருந்தாலாவது மன்னித்திருப்பேன். திரையை எடுக்கக்கூட உம்மாவை விடவில்லை, அந்தப் பச்சைப் புடவை அங்கேயே போயிற்று.

அதற்குப் பிறகு பழைய வாசல்களுக்குத் திரும்பப் போனால் எல்லோரும் ஹாஜியாரின் பேச்சையே பேசினார்கள். "உங்களுக்குத்தான் பள்ளியால பாக்கிறாங்களே" என்றார்கள். "ஏழைட காச எப்பிடி வாங்கிற?" என்றார்கள். வாசல் வரைக்கும் வந்து, கையில் ஒரு பொதியைத் தந்து அனுப்பினார்கள். வீட்டுக்கும் வந்துகொண்டிருந்தது. அரிசி, சீனி, வாப்பாவுக்கு உடுக்கச் சாரம், பேரீச்சம்பழப் பெட்டி, எனக்கு ஒரு சட்டை, அதே சட்டை இன்னொன்று. ஒரு அறை முழுக்க மூடைகளாகி, எலி வரத் தொடங்கியது. நாங்கள் மூடைகளுக்கு நடுவே படுத்தோம். சாமானைத் தர ஊரே திரண்டு வந்தது, ஒரு திறப்பைத் தர ஒருவரும் வரவில்லை. பழைய வீட்டுக்காரர் இதற்குள் மேசனைக் கூட்டிவந்து, நாங்கள் உள்ளே இருக்கும்போதே சுவரை அளந்துவிட்டுப் போனார். பெருநாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. சாச்சா முகாமில் இன்னும் பிரிக்காமல் இருந்த ஒரு குடிசையைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். உம்மா அன்றைக்கு நோன்பு திறக்கும்போது ஒரு மிடறு தண்ணீரோடு எழுந்துவிட்டார்.

நோன்பின் கடைசி வெள்ளிக்கிழமை. உம்மா முற்றத்தில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார். நான் கிணற்றடியில் இருந்தேன். ஜும்ஆ முடிந்து ஒலிபெருக்கி கரகரத்தது, தலைவர் ஏதோ அறிவித்தார். பிறகு ஒரு குரல் ஸலாம் சொன்னது. உம்மா நிமிர்ந்து பார்த்தார். வாப்பாவின் குரல்.

நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று எல்லோரும் நினைத்து, கடைசி வரிசையிலிருந்து முன்வரைக்கும் வழி விட்டார்களாம். தலைவரே மைக்கை நீட்டிப் பிடித்தாராம்.

"போன கிழம இந்த மைக்கில என்ட பேர வாசிச்சீங்க. அரிசி வந்திச்சி, சீனி வந்திச்சி, சாரம் வந்திச்சி. எல்லாத்தையும் ஒரு பக்கமா அடுக்கி வச்சிரிக்கிறன், ஆள் அனுப்பி எடுங்க. நான் ஸகாத் கேட்டு வரல்ல. வாடகைக்கு வீடு கேட்டுத்தான் உங்கட வாசல் வாசலா என்ட பொண்டாட்டி புள்ளைய அனுப்பினன். வாடக தர எனக்கு வழி இரிக்கி. வாங்கிறதுக்கு இந்தச் சபையில ஆர் இரிக்கிறீங்க?"

ஒருவரும் பேசிய சத்தம் வரவில்லை. ஹாஜியார் முன்வரிசையில்தான் இருந்திருக்கிறார். "வாய் இல்லையா? வாடக வாங்க ஒருத்தரும்" என்று வாப்பா மீண்டும் தொடங்கும்போது டக் என்று சத்தம் நின்றுவிட்டது. யாரோ மைக்கை நிறுத்திவிட்டார்கள்.

உம்மா சவர்க்காரக் கையோடு உள்ளே போனார். மூடைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து படலையடியில் வீதியைப் பார்க்க அடுக்கினார். நானும் இழுத்தேன். இரண்டு சட்டைகளையும் அதற்கு மேல் மடித்து வைத்தேன். ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குள் ஆசை இருந்தது, உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

பின்னேரத்துக்குள் ஊருக்கே கதை மாறிவிட்டது. அதுவரை பாவமாக இருந்தவர் திமிர் பிடித்தவராகிவிட்டார். "அகதிக்குக் கொழுப்பப் பாத்தியா?" என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். மூடைகளை எடுக்க வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏற்றினார்கள். சாச்சா எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். உங்களில் சிலரின் வாப்பாமாரும் அந்தச் சபையில் இருந்தார்கள். இருந்திருப்பார்கள். நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு மோட்டார் சைக்கிள் வந்து படலையில் நின்றது. அதற்கு முன்னாலேயே நாற்றம் வந்துவிட்டது. கருவாட்டு முதலாளி. உங்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. மீனவர்களிடம் நிறுக்கும்போது தராசில் விரலை வைப்பவர் என்று பெயர். பள்ளிக்கு ஒரு பாய்கூட வாங்கிக் கொடுத்ததில்லை, நோன்பு திறக்க வைப்பவர்களின் பட்டியலில் அவர் பெயர் ஒரு வருஷமும் வந்ததில்லை. அவரை நல்லவர் என்று சொல்ல எனக்கு நாக்கு வளையாது. ஸலாம்கூடச் சொல்லாமல் வாப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"நேத்துக் கத்தினது நீதானே? வாடக மெய்யாவே தாறியா?"

"தாறன்."

"வாடியோட ஒட்டி எனக்கு ஒரு வீடு இரிக்கி. கருவாட்டு நாத்தம் இரிக்கும், இலையான் மொய்க்கும். பிடிச்சா வா. மாசம் முடிய முந்திக் காசு வரோணும். வரல்லையெண்டா சாமானத் தூக்கி வெளிய போடுவன். கால் ஏலாதவன் எண்டு பாக்க மாட்டன்."

"பாக்க வேணாம்" என்றார் வாப்பா.

"முற்பணம்?"

ஹாஜியார் திருப்பித் தந்த முற்பணம் அப்படியே இருந்தது. வாப்பா எடுத்துக் கொடுத்தார். முதலாளி அதை எச்சில் தொட்டு எண்ணினார், ஒரு தாள் கிழிந்திருக்கிறது என்று மாற்றிக் கேட்டார். வாடகையிலும் ஒரு சதம் குறைக்கவில்லை, உண்மையில் மற்றவர்களிடம் வாங்குவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்டார். பெருநாள் தொழுகை முடிந்த கையோடு நாங்கள் ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு அங்கே போனோம். மீன் காயப்போடுகிற வாடியும் எங்கள் அறையும் ஒரே வேலிக்குள் இருந்தன. திருக்கையும் சுறாவும் பரணில் காய்ந்துகொண்டிருக்கும், காற்று எங்கள் பக்கம் திரும்பினால் சோற்றிலும் அதே வாசம். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருக்க மாட்டேன் என்று உங்களில் ஒருத்தி இடம் மாறி இருந்தாள். அவள் பெயரை நான் இன்றைக்குச் சொல்லப் போவதில்லை, அவளுக்கே தெரியும்.

ஆனாலும் அது வீடு. படி தாழ்ந்திருந்தது, கக்கூசு கிட்ட இருந்தது, விதானையும் அதே விதானை. எங்களைப் பார்த்து ஒருவரும் குரலைத் தாழ்த்தவில்லை. வாடியில் வேலை செய்தவர்கள் வாப்பாவையும் உப்புப் போடுகிற பலகையடியில் இருத்தி, மீன் தரம் பிரிக்க விட்டார்கள். அதற்கு முதலாளி கூலி கொடுத்தாரா என்று கேட்டால், கொடுத்தார், கஞ்சத்தனமாகக் கொடுத்தார். மழை தொடங்கியதும் கூரை ஒழுகியது. சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. உம்மா சட்டி பானைகளை எல்லாம் தரையில் பரப்பி வைத்துவிட்டு அந்த ஆளைச் சபித்துக்கொண்டிருப்பார்.

அந்த மாரியில் ஒரு மாதம் பிச்சைச் சம்பளம் பிந்தியது. காசு இன்னும் வந்து சேரவில்லை என்று தபால் கந்தோரில் கையை விரித்துவிட்டார்கள். வாப்பா மழைக்குள் இரண்டு தரம் போய் வந்தார். வாடகை நாள் கடந்துவிட்டது. உம்மா பயந்துபோய் உடுப்புகளைப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கிவிட்டார். சொன்னதைச் செய்கிற ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

காலையில் முதலாளி வந்தார். வீதியில் நின்றபடியே கத்தத் தொடங்கினார். வாடியில் இருந்தவர்கள், பக்கத்து வீட்டார், கடலுக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

"என்ன, வீட்டுக்குள்ள ஒளிச்சிட்டு இரிக்கிறியா? வாடகயப் பெட்டிக்குள்ள வச்சி அடைகாக்கிறியா? பேச்சுப் பெருசா பேசினியே மைக்கில, எங்க காசு?"

தம்பி அழத் தொடங்கினான். உம்மா என் வாயைப் பொத்தினார், நான் ஒன்றும் சொல்லாமலேயே. வாப்பா ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மெதுவாகக் கெஞ்சப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"அடைகாக்கிறதுக்கு உன்ட வீட்டில ஒழுகாத மூல ஒண்டு காட்டு பாப்பம்!" என்று வாப்பா கத்தினார். அவருக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்குத் தெரியாது. "சட்டி வைக்க இடமில்ல, படுக்க இடம் எங்க? வாடக கேக்க வாறவன் ஒரு தகரத்தக் கொண்டு வந்தியா?"

"தகரம் கேக்கிறவன் முதல்ல காசத் தா!"

"காசு வரும்! உனக்கு எப்ப வந்தது பிந்தி? தராசில விரல வைக்கிற உனக்கு நான் ஏமாத்துறவனா?"

"ஆர்ரா விரல வைச்ச?"

"நீதான்! ஊருக்கே தெரியும்!"

முதலாளி சாரத்தை மடித்துக் கட்டினார். வாப்பா ஒரு ஊன்றுகோலை உயர்த்தினார். யாரோ ஒருவர் நடுவில் வந்து முதலாளியை இழுத்துக்கொண்டு போனார். போகும்போதும் அவர் திரும்பித் திரும்பிக் கத்திக்கொண்டே போனார். வாப்பாவும் கடைசிச் சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை.

உள்ளே வந்து கதிரையில் இருந்தார். மூச்சு வாங்கியது, முகம் முழுக்க வியர்வை. உம்மா பெட்டியை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் திகைத்துப்போனார், ஏனென்றால் வாப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மனிசன் நீங்க? தெருவில நிக்கப் போறம், சிரிக்கிறீங்களா?"

"இடுப்பு உடைஞ்ச நாளையிலிருந்து என்னோட ஒருத்தனும் சண்ட பிடிச்சதில்ல புள்ள" என்றார் வாப்பா. "தேத்தண்ணி ஊத்து. நாளைக்கும் வருவான்."